மல்லாட்டைத் தூசிக்கு ஒரு மேற்பட்டம்

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்களில் விழுப்புரத்தில் தொழிற்சுகாதார மேற்படிப்புக் கழகம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. ஏன் மூடினார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏன் திறந்தார்கள் என்று கேட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் அதில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன். கழகத்தைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேலி செய்வது உங்கள் இஷ்டம்.

விழுப்புரம் ஜங்ஷனில் பட்டணத்து ரயில், திருச்சி ரயில், காட்பாடி ரயில், புதுச்சேரி ரயில் எல்லாம் வந்து நிற்கும். கழகத்துக் கமிட்டி அங்கத்தினர்கள் நாலு திசையிலிருந்து வருகிறவர்கள். ஆகவே கழகமும் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மச்சு வீட்டில் அமைந்தது. "பக்கத்தில் ஓர் ஆலைகூட இல்லையே, இங்கே எப்படித் தொழிலாளர் சுகாதாரம் படிப்பது?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். கமிட்டித் தலைவர் ராவ் பகதூர் டாக்டர் தாண்டவராயன், "ஆலைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆலையைப் பற்றி நடுநிலையோடு சிந்திக்க முடியாது" என்று பதில் சொன்னார். தலைவர் எப்போதும் மேடையில் நிற்பது போலத்தான் பேசுவார், குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட.

அந்தக் கழகத்தில் சேர வந்தவர்தான் டாக்டர் மாசிலாமணி. திண்டிவனத்தில் ஓட்டு வீடொன்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எல்.எம்.பி. டாக்டர். தகப்பன் தாய் இல்லாத அவரைப் படிக்க வைத்தது அக்கா சவுரியம்மாள். அவள் திண்டிவனத்திலேயே பாண்டுரங்கன் என்ற முதலாளியின் மல்லாட்டை மில்லில் வேலை செய்தாள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மிஷின் மல்லாட்டையை உடைத்துத் தள்ளும். பெண்பிள்ளைகள் முறத்தில் வாரிப் புடைத்து, தோல் வேறு பருப்பு வேறாகப் பிரிப்பார்கள். கட்டடத்துக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. வேலை நேரத்தில் உள்ளே போனால் எதிரே நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தக் குரலும் இருமலுக்கு நடுவில்தான் வரும்.

தம்பி டாக்டரான பிறகும் அக்கா வேலையை விடவில்லை.

"உன் ஊட்டுல குந்திக்கினு தின்னா எனக்குச் சோறு எறங்காதுடா. அங்க இருமறது நான் ஒருத்தியா? நான் வந்துட்டா மத்தவளுங்க இருமல் நின்னுடுமா?" என்று கேட்டாளாம்.

மாசிலாமணி முதலாளியிடம் போய்ச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கும்படி கேட்டார். பாண்டுரங்கன் கெட்டவர் அல்ல. எதையும் மரியாதையாக மறுக்கிறவர்.

"டாக்டரே, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா மூணெழுத்து டாக்டரு சொன்னாருன்னு செவுத்த இடிச்சா, நாளைக்கு நாலெழுத்து டாக்டரு வந்து மூடுன்னுவாரு. எனக்கு அது பேஜாருங்க. அதுக்கு மேல ஒரு படிப்பு இல்லேன்ற படிப்பாப் பாத்துப் படிச்சுக்கினு வந்து சொல்லுங்க. அன்னிக்கே இடிச்சுடறேன்."

அதற்கு மேல் இல்லாத படிப்பு விழுப்புரத்தில் எங்களிடம்தான் இருந்தது.

சேர்க்கைக்கான பேட்டியின்போது நான் பக்கத்தில் இருந்தேன். தலைவர், "உமது ஆராய்ச்சிப் பொருள் என்ன?" என்று கேட்டார்.

"மல்லாட்டை மில்லுல ஜன்னல் வெக்கணும், சார்."

"ஜன்னல் வைப்பது கொத்தனார் வேலை. வைக்காமலிருப்பது முதலாளியின் இஷ்டம். ஜன்னல் இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதல்லவா மேற்படிப்பு?"

"இருமல் வருது, சார்."

தலைவர் முகம் வாடிவிட்டது. "மிஸ்டர் மாசிலாமணி, முடிவை முதல் நாளே சொல்லிவிட்டால் இரண்டு வருஷம் நாங்கள் உமக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?"

மாசிலாமணி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இருமலை மறந்துவிடுவதாக ஒப்புக்கொண்ட பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

காற்றோட்டம் என்ற பாடத்தைப் பேராசிரியர் கிருஷ்ணசாமி நடத்தினார். எங்கள் பாட அறையின் ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தோம். எதிரே ஸ்டேஷன் அல்லவா? திறந்தால் எஞ்சின் கரி உள்ளே வந்து சுகாதாரப் புத்தகங்களைப் பாழாக்கிவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில், அந்த அறையில் உட்கார்ந்து, மனிதனுக்கு எவ்வளவு சுத்தமான காற்று தேவை என்று பேராசிரியர் குறிப்பிலிருந்து படிப்பார். மாணவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பாதியிலேயே கண்ணை மூடிவிடுவார்கள். அவர்கள் ஆழ்ந்து யோசிப்பதாகப் பேராசிரியர் சந்தோஷப்படுவார். மாசிலாமணி ஒரு நாள் குறடு கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கப் பார்த்தார்.

"என்ன செய்கிறீர்?" என்றார் பேராசிரியர்.

"மூச்சு முட்டுது, சார்."

"பாடத்தைக் கவனியும். முட்டாது."

அதன் பிறகு தூசியை அளக்கும் கட்டம் வந்தது. கழகத்தில் ஜெர்மனியிலிருந்து தருவித்த தூசிமானி ஒன்று இருந்தது. பித்தளையும் கண்ணாடியுமாகப் பார்க்கவே லட்சணமாக இருக்கும். தூசி பட்டால் கெட்டுவிடும் என்பதால் பட்டுத் துணியில் சுற்றிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தோம். அதைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மாசிலாமணி கேட்டபோது பேராசிரியர் பதறிப்போனார்.

"மில்லுக்கா? அங்கே ஒரே தூசியாக இருக்குமே!"

கருவி தூசியிடம் போகாது; தூசிதான் கருவியிடம் வர வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. மாசிலாமணி மில்லில் கூட்டி அள்ளிய தூசியை ஒரு கோணியில் கட்டி, மூன்றாம் வகுப்பில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மயிலம் தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் அவர் ஒருவர்தான் மிச்சம். இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்துப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது கிடக்கிற தூசி. உமது கட்டுரையில் இருப்பது பறக்கிற தூசி. இரண்டும் வேறு."

ஆகவே எங்கள் சேவகன் பச்சைமுத்துவை ஸ்டூல் மேல் ஏற்றி, கையில் முறத்தைக் கொடுத்து, தூசியைத் தூற்றச் சொன்னோம். ஜன்னல்கள் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு துளிகூட வீணாகவில்லை. தூசிமானியின் முள் ஒரே ஓட்டமாகக் கடைசி வரைக்கும் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. அந்த அளவின்படி, தென்னிந்தியாவிலேயே மனிதர் வேலை செய்யத் தகுதியில்லாத இடம் எங்கள் கழகத்துப் பாட அறை என்று ஏற்பட்டது. அந்த முடிவு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி தலைவர் எனக்குச் சொன்னார். பச்சைமுத்து ஒரு வாரம் இருமிக்கொண்டிருந்தான். "இவனையும் கட்டுரையில சேத்துக்கலாமா, சார்?" என்று மாசிலாமணி கேட்டார். அவன் ஆலைத் தொழிலாளி அல்ல, கழகத்துச் சிப்பந்தி. ஆகையால் அவனுக்கு வந்தது தொழிலாளர் இருமல் ஆகாது என்று பேராசிரியர் விளக்கினார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

இரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் மில் சுவரில் ஒரு மூலை ஊறி விழுந்துவிட்டது. முறம் அகலத்துக்கு ஒரு பொத்தல். மழை விட்டதும் அதன் வழியாகக் காற்று வர ஆரம்பித்தது. பெண்பிள்ளைகள் முறத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். சவுரியம்மாளுக்கு ராத்திரியில் இருமல் குறைந்தது. மாசிலாமணி கொண்டாட்டமாக வந்து கமிட்டியிடம் இதைச் சொன்னார். கமிட்டி திடுக்கிட்டது.

"ஆராய்ச்சி முடியும்வரை ஆராய்ச்சி இடம் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது கழகத்தின் முதல் விதி!" என்றார் தலைவர். "பொத்தல் உடனே அடைக்கப்பட வேண்டும். மாணவரின் சொந்த மேற்பார்வையில். துரைக்கண்ணு, நீர் போய்ப் பார்த்துவிட்டு வாரும்."

துரைக்கண்ணு என்பது நான். போனேன். மழைக்கு ஊரில் கொத்தனார் ஒருவரும் அகப்படவில்லை. மாசிலாமணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே செங்கல்லை அடுக்கினார். சவுரியம்மாள் முறத்தை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னாடா தம்பி பண்றே?"

"அடைக்கிறேன்க்கா."

"தொறக்கறதுக்குன்னுதானே படிக்கப் போனே?"

"படிப்பு முடிஞ்சாத்தான்க்கா தொறக்க முடியும். இப்பவே தொறந்திருந்தா படிப்பு முடியாது."

அவளுக்கு இருமல் வந்தது, அது அடங்கும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஜல்தியா முடி" என்று சொல்லிவிட்டு, குனிந்து சேற்றை அள்ளித் தம்பியின் கையில் கொடுத்தாள். அவள் கொடுக்கக் கொடுக்க அவர் பூசினார். விதி விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

கட்டுரை ஒரு வழியாக முடிந்தது. கமிட்டி மில்லை நேரில் பார்த்து, கட்டுரையில் கண்டது உண்மைதான் என்று சொல்லிவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் ஜன்னல். சவுரியம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

தை பிறந்து ஒரு நல்ல நாளில் நாங்கள் போய் இறங்கினோம். பாண்டுரங்கன் எங்களை ஸ்டேஷனிலிருந்தே நாயனத்தோடு அழைத்துப்போனார். மில் வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம். உள்ளே போனால், தரையெல்லாம் சாணி தெளித்துப் பெருக்கி மாக்கோலம் போட்டிருந்தது. சுவருக்குப் புது வெள்ளை. மிஷினை முந்தின நாளே நிறுத்தி, கழுவி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எங்களுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் சந்தனம் பூசி, தலையிலிருந்து கால்வரை பன்னீர் தெளித்தார்கள்.

தலைவர் சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தார். சுண்ணாம்புதான் ஒட்டியது. ரிப்பேராகி வந்திருந்த தூசிமானியைப் பேராசிரியர் நீட்டினார். முள் அசையவில்லை.

"மிஸ்டர் மாசிலாமணி, உமது கட்டுரை பக்கத்துக்குப் பக்கம் தூசி என்கிறது. இங்கே பன்னீர் வாசனையல்லவா வருகிறது?"

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. முதலாளி பக்கம் திரும்பினார். "முதலாளி! தூசியப் பாக்கத்தானே இவங்க வந்திருக்காங்க!"

"அதுக்காக?" என்றார் பாண்டுரங்கன், உண்மையிலேயே மனம் நொந்து. "பெரியவங்க வர்ற எடத்துல தூசிய வெச்சுக்கினு நிப்பாங்களா? எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க ஊட்டுல அந்த வழக்கமே கெடையாது. துரைங்க வந்தப்பவும் இப்படித்தான் பண்ணோம்."

கட்டுரை பொய் என்று எழுதிவிடலாமா என்று பேராசிரியர் தலைவரின் காதில் கேட்டார். மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு மணி நேரம் மிஷின ஓட்டிப் பாருங்க, சார். அப்புறம் எழுதிக்குங்க."

தலைவர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். மிஷின் ஓடியது. பெண்பிள்ளைகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புடைக்க உட்கார்ந்தார்கள். கட்டுரையில் கதவு மூடியிருந்ததாக எழுதியிருக்கிறது, ஆகவே கதவையும் மூட வேண்டும் என்றார் பேராசிரியர். மூடினோம். வெளியே வேடிக்கை பார்க்க வந்த ஊர் முழுவதும் அந்தக் கதவின் மேல் சாய்ந்துகொண்டது. தலைவர் ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார்.

"தொழிலாளச் சகோதரிகளே! உங்கள் நுரையீரலைப் பற்றிச் சிலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். தேகம் எதற்கும் பழகிவிடும். நான் முப்பது வருஷமாகச் சுகாதாரத்தில் இருக்கிறேன். எனக்கு ஒரு நாள் தும்மல்கூட வந்ததில்லை. ஏனென்றால் நான் எந்த ஆலைக்குள்ளும் போனதில்லை. மனத்தில் உறுதி இருந்தால் தூசி என்பது... தூசி..."

அதற்கு மேல் வரவில்லை. தலைவர் இருமினார். பேராசிரியர் இருமினார். பட்டணத்திலிருந்து வந்த அங்கத்தினர் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இருமினார்கள். எங்கள் மேல் பன்னீரும் சந்தனமும் ஈரமாக இருந்ததல்லவா? மல்லாட்டைத் தூசி முழுவதும் வந்து எங்கள் மேலேயே அப்பிக்கொண்டது. தலைவரின் முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெளியே சாய்ந்திருந்த ஜனங்கள், உள்ளே ஏதோ விசேஷம் நடக்கிறதென்று இன்னும் நெருக்கினார்கள். நாயனக்காரரும் பலமாக ஊதினார். நான் போட்ட சத்தம் அதில் எடுபடவில்லை.

"ஜன்னல்! ஜன்னல் எங்கே?" என்று தலைவர் கதறினார்.

"ஜன்னல் இல்லீங்க" என்றார் பாண்டுரங்கன். "அதைத்தானே டாக்டரு எழுதியிருக்காரு."

"வை!"

"எப்பங்க?"

"இப்போதே வை!"

"பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, இடிங்க!" என்று பாண்டுரங்கன் கத்தினார். மூலையில் கிடந்த கடப்பாறையை முதலில் எடுத்தது சவுரியம்மாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தார்கள். புது வெள்ளையோடு சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. கரும்புக் கட்டு நுழைகிற அளவுக்கு வழி விழுந்ததும் வயல்காற்று வந்தது. தலைவர் அதில் தலையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். பெண்பிள்ளைகள் அவருக்குப் பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

முற்றத்துப் பந்தலில் முகம் கழுவி, காப்பி குடித்து, கமிட்டி கூடியது. கட்டுரையில் இனி குறை சொல்ல முடியாது. அவரவர் மார்பிலேயே அத்தாட்சி இருந்தது. மாசிலாமணி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட்டுரை சிறப்பானது. ஆனால், ஜன்னல் இல்லாத மில்லைப் பற்றியது. நாம் பார்த்த மில்லிலோ ஜன்னல் இருக்கிறது. கட்டுரையில் கண்டது கண்ணால் கண்டதோடு பொருந்தவில்லை."

"அது நீங்க சொல்லித்தானே வெச்சது, சார்?"

"யார் சொன்னால் என்ன? விதி விதிதான். உமக்காக ஒரு சலுகை தருகிறோம். சுவரை முன்போல அடைத்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்யும். அடுத்த தையில் வந்து பார்க்கிறோம். நிச்சயமாகப் பட்டம்."

பாண்டுரங்கன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மூடிடட்டுங்களா? செங்கல்லு அங்கியேதான் கெடக்குது."

சவுரியம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். சேற்றை அள்ளிக் கொடுத்தவள் அல்லவா? சொன்னால் இப்போதும் கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றியது. மாசிலாமணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"சார், மூடச் சொல்றதுக்கு யாருக்கு அதிகாரம்?" என்று நிதானமாகக் கேட்டார்.

"கமிட்டிக்கு. ஆராய்ச்சி நடக்கும் இடம் கமிட்டிக்குக் கட்டுப்பட்டது."

"ஆராய்ச்சி நடக்கலேன்னா?"

தலைவருக்கு விதி ஞாபகம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நடக்கவில்லை என்றால் அது வெறும் மில், சார். அதில் நமக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது" என்றேன். கழகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் சொன்னவற்றில் அதைத்தான் இன்றைக்கும் பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.

"அப்ப எனக்குப் படிப்பு வேணாம், சார்" என்றார் மாசிலாமணி.

தலைவர் திகைத்துப்போனார். "ஒரு ஜன்னலுக்காக, ஜன்னலைப் பற்றிய படிப்பையே விடுகிறீரா? இவ்வளவு குறுகிய நோக்கம் உள்ளவரை நான் பார்த்ததே இல்லை!"

"இப்ப நான் இன்னாதாங்க பண்றது?" என்றார் பாண்டுரங்கன். "மூடறதா, வுடறதா? யார் சொல்றத நான் கேக்கறது?"

"இருக்கிறதிலேயே பெரிய டாக்டர் உங்களிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன?" என்று அவரைக் கேட்டேன்.

"இப்போதே வைன்னாரு."

"அதையே வைத்துக்கொள்ளுங்கள்."

தலைவர் அடுத்த மாதமே பட்டணத்தில் ஒரு பெரிய சபையில், 'ஆபத்தில் ஆலைத் தொழிலாளரைக் காத்த விதம்' என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். மாசிலாமணி பெயரைச் சொல்ல அவருக்கு நேரம் போதவில்லை.

பங்குனியில், மாசிலாமணி எங்களிடம் கொடுத்திருந்த பழைய சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுக்கத் திண்டிவனம் போனேன். அவர் வீட்டு வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள். டாக்டர் உள்ளே தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார். மில்லிலிருந்து மத்தியானக் கஞ்சிக்கு வந்திருந்த சவுரியம்மாள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். தலை முழுவதும் மல்லாட்டைத் தோல்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எந்தம்பி பெரிய டாக்டரு ஆவப்போறான்னு சொல்லி வெச்சிருந்தேனே! கோயிலுக்குப் போனா சாமியாரு கேக்கறாரு, கெணத்தாண்ட போனா அவளுங்க கேக்கறாளுங்க, நான் இன்னாடா பதில் சொல்லுவேன்? இன்னும் ஒரே வருசம்னு அந்தப் பெரியவரு வாயத் தொறந்து சொன்னாரில்ல? இத்தினி வருசம் இருந்தவ இன்னும் ஒரு வருசம் இருந்துட மாட்டேனா? நான் கேட்டனா உன்கிட்ட, படிப்ப வுட்டுடுன்னு? ஒரு வார்த்த என்னிய கேட்டியா? கையில வந்தத ஒதறிட்டு வந்து நிக்கிறியே, உனுக்கு புத்தி எங்கடா போச்சு..."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் நிறுத்துகிற வழியாக இல்லை. சாமியாரில் ஆரம்பித்து, செத்துப்போன தகப்பனார், கட்டிக்கொடுக்கக் காத்திருக்கிற பெண் வீட்டார் என்று எல்லாரையும் வரிசையாக இழுத்துப் போட்டு, மூச்சு விடாமல் திட்டினாள். மாசிலாமணி நோயாளி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பது போல அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கொள்ளாத சிரிப்பு.

"பாருங்கய்யா, நான் இந்தக் கத்து கத்தறேன், இவன் சிரிச்சுக்கினு நிக்கிறான்!" என்று என்னிடம் முறையிட்டாள்.

நானும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவ்வளவு திட்டுக்கும் நடுவில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.